உஷார்! பூச்சிக்கு வைக்கும் தவிட்டு விஷம் மாட்டைக் கொல்லும்

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, ஆண்டிபட்டிப் பக்கம் மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் இது அவசரச் செய்தி. மழை விழுந்து தீவனப்புல் தளிர் விடுகிற சமயத்தில் சில்வண்டும் பிள்ளைப்பூச்சியும் வெட்டுக்கிளியும் கிளம்பி வரும். அவற்றை ஒழிக்கத் தவிட்டில் மருந்தைக் கலந்து வரப்போரம் வைக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் சிலரிடம் இருக்கிறது. இந்த வருஷம் அதைச் செய்யாதீர்கள். பூச்சி தின்பது பத்துப் பிடி புல். நீங்கள் வைக்கிற உருண்டை உங்கள் கறவையையே கொண்டுபோய்விடும்.

அந்தப் பழைய கணக்கு பலருக்கு மனப்பாடம்: 5 கிலோ தவிடு, அரை கிலோ வெல்லம், அரை கிலோ கார்பரில் தூள், பிசையும் அளவுக்குத் தண்ணீர். சாயங்காலம் உருட்டி வைத்தால் ராத்திரி மேய வரும் புழுவும் பூச்சியும் தின்று சாகும். நிலக்கடலையிலும் காய்கறியிலும் வெட்டும் புழுவுக்காக ஒரு காலத்தில் வேளாண்துறைக் கையேடுகளே சொல்லிக்கொடுத்த முறைதான் இது. அன்றைக்கு அதில் தப்பு கண்டவர் கிடையாது.

ஆனால் கார்பரிலை மத்திய அரசு 2018 ஆகஸ்டிலேயே தடை செய்துவிட்டது. அது கிடைக்காமல் போனதும், வீட்டு மூலையில் எந்த மருந்து மிச்சமிருக்கிறதோ அதை ஊற்றிப் பிசைகிறார்கள். ஆபத்து அங்கேதான் பல மடங்காகிறது. பூச்சி தின்பதற்காகத் தேர்ந்தெடுத்த தவிடும் வெல்லமும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் அதைவிடப் பிடித்தமானவை. கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு ஓடிய கன்று வாசனை பிடித்து நேராக அந்த உருண்டையிடம்தான் போகும். பச்சைப் புல்லைத் தாண்டிப் போயாவது அதைத் தின்னும்.

இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. கருக்கலில் புல்லறுக்கப் போகிறவர்களுக்குத் தூரடியில் ஒட்டியிருக்கும் தவிட்டுக்கட்டி தெரியாது. கைப்பிடியோடு சேர்த்து அறுத்துக் கட்டிவிடுவார்கள். ராத்திரி தூறல் போட்டிருந்தால் வெல்லம் கரைந்து, மருந்தோடு சேர்ந்து புல்லின் இலைக்கணுவில் இறங்கி நிற்கும். அந்தக் கட்டு நேராகத் தொழுவத்துக்கு வரும். உருண்டை வைத்தது வீட்டுக்காரராக இருப்பார், அறுத்தது வீட்டுக்காரம்மாவாக இருக்கும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் விட்ட அந்த ஒரு ராத்திரி போதும்.

கோழியும் தப்பாது. விஷம் தின்று துடிக்கும் பூச்சியைக் கொத்தும் நாட்டுக்கோழிக்கும் அந்த விஷம் போகும். வரப்பில் மேயும் மயில் தின்று செத்தால் அது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்காகும். பூச்சிக்குத்தான் வைத்தேன் என்று சொன்னால் கேட்கமாட்டார்கள்.

வீட்டில் பழைய மருந்து வைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். போரேட் குருணை 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. மெத்தோமில் 2023-ல் தடை செய்யப்பட்டது. கார்போபியூரானில் பயிர் குறிப்பிட்டு அனுமதித்த ஒரு வகை 3 சதவீதக் குருணையைத் தவிர மற்றவை எல்லாம் அதே வருஷம் போய்விட்டன. டப்பாவில் சாய்சதுரமாக ஒரு வண்ணக்கட்டம் இருக்கும். அதில் சிவப்பு என்றால் கொடிய விஷம், மஞ்சள் என்றால் அடுத்த படி, பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் விஷம் விஷம்தான். எந்தப் பயிருக்கு, எவ்வளவு, அடித்த எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கும். அந்தப் பட்டியலில் தீவனப்புல் இல்லையென்றால் அந்த மருந்து உங்கள் புல்லுக்கு இல்லை. உரக்கடையில் போய், "அண்ணே, புல்லுல பூச்சி வெட்டுது, ஏதாச்சும் மருந்து குடுங்க" என்று பொதுப்படையாகக் கேட்காதீர்கள். மாடு தின்னும் புல் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இவ்வளவு பதற்றமாக எழுதக் காரணம் இருக்கிறது. நம் பள்ளத்தாக்கில் மேய்ச்சல் சுருங்கிக்கொண்டே வருகிறது. மேகமலைப் பக்கம் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமானது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், தேனி மாவட்ட வனத்தில் மாடு மேய்ப்பது தொடர்பான வழக்கிலேயே, வனத்துக்குள் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அந்த உத்தரவைத் திருத்தி, தடை புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் என்று வரையறுத்தது. மலையேறி மேய்ந்த மாடுகள் பலவும் இப்போது கீழே வயலோரப் புல்லையும் அறுத்துப் போடும் தீவனத்தையுமே நம்பி நிற்கின்றன. பத்து சென்ட், இருபது சென்ட்டில் கோ-4 கம்பு நேப்பியர் போட்டு வைத்திருக்கிறவருக்கு அந்தத் துண்டு நிலம்தான் மேய்ச்சல் காடு. அதில் பூச்சி விழுந்தால் மனசு பதறும். பதறும்போதுதான் தப்பான மருந்தைக் கை எடுக்கிறது.

அதனால் முதலில் வெட்டுவது யார் என்று பாருங்கள். பகலில் பார்த்தால் தெரியாது. ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய், புல்லின் நுனியை விட்டுவிட்டுத் தூரடியில் வெளிச்சம் அடியுங்கள். இளந்தளிர் மண்மட்டத்தில் அரிவாள் வைத்ததுபோல் அறுந்து கிடந்தால் சில்வண்டு அல்லது பிள்ளைப்பூச்சி. சில்வண்டு பளபளவென்று கறுப்பாக, இறக்கை தொடங்கும் இடத்தில் இரண்டு மஞ்சள் பொட்டோடு இருக்கும். வெளிச்சம் பட்டதும் மண்வெடிப்புக்குள் மறையும். பிள்ளைப்பூச்சி மங்கிய பழுப்பு நிறம், உடம்பு மெத்தென்றிருக்கும். முன்னங்கால் இரண்டும் மண்வெட்டி மாதிரி அகலம். ஈரமண்ணில் விரல் தடிமனுக்கு மேடு தூக்கிக்கொண்டு கோடு கோடாக ஓடியிருந்தால் அது இதன் வேலை. இலையின் ஓரம் மட்டும் பல் பல்லாகக் கடிபட்டிருந்தால் வெட்டுக்கிளி, அதைப் பகலிலேயே பார்க்கலாம். தீவனச் சோளத்திலும் மக்காச்சோளத்திலும் குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம் குவிந்திருந்தால் அது படைப்புழு. 2018-ல் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதலில் கண்டு, அதே வருஷம் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைச் சூறையாடிய அதே புழு. அதற்கு வைத்தியம் வேறு. சில்வண்டுக்கு என்று எதையோ வைத்தால் படைப்புழு போகாது.

சத்தத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இரவெல்லாம் கத்துவது ஆண் சில்வண்டு மட்டும்தான். நாலைந்து ஆண் சேர்ந்தால் ஒரு ஏக்கரே கத்துவது போலக் கேட்கும். எண்ணிப் பார்த்தால் மிகச் சிலதான் இருக்கும்.

எண்ணுவதற்கு ஒரு நல்ல வழி உண்டு, செலவும் கிடையாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மேய்ச்சல் நிலப் பிள்ளைப்பூச்சிக்குச் செய்வது இது. நீளம் இரண்டடி, அகலம் இரண்டடி என்று ஒரு சதுரத்தைக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஏழரை லிட்டர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கலந்து, அந்தச் சதுரத்தில் மட்டும் ஒரே சீராக ஊற்றுங்கள். சோப்புத் தண்ணீர் வளைக்குள் இறங்கியதும் பூச்சிகள் மூச்சுமுட்டி மேலே வரும். மூன்று நிமிஷம் நின்று எண்ணுங்கள். இரண்டு முதல் நான்கு பிள்ளைப்பூச்சி வரை வந்தால் நடவடிக்கை தேவை என்பது அவர்கள் கணக்கு. காலையிலோ சாயங்காலமோ ஈரமாக இருக்கும் மண்ணில் செய்தால்தான் சரியாகத் தெரியும். காய்ந்த மண்ணில் பூச்சி ஆழத்தில் இருக்கும், வராது. நிலத்தின் நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து இடத்தில் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்து, அடுத்த வாரம் அதே இடங்களில் மறுபடி பாருங்கள். எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு நாள் எண்ணிக்கையைப் பார்த்து மருந்து வாங்க ஓட வேண்டாம்.

எண்ணாமல் பயந்தால் என்ன ஆகும் என்பதை 2020-ல் பார்த்தோம். பாலைவன வெட்டுக்கிளி ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று கூட்டம் கூட்டமாக வந்த சமயம். மே மாதக் கடைசியில் கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளி மொய்த்ததைப் பார்த்து ஊரே நடுங்கியது. அதிகாரிகளும் பூச்சியியல் வல்லுநர்களும் போய்ப் பார்த்துவிட்டு, இது பாலைவன வெட்டுக்கிளி அல்ல, உள்ளூர் இனம் என்றார்கள். எருக்கைத் தின்னும் இனம் எருக்கைத்தான் தேடிப் போகும். அன்றைக்கு ஊர் ஊராக மருந்து தெளித்திருந்தால் புல்லும் குட்டையும் மாட்டுத்தொட்டியும்தான் விஷமாகியிருக்கும்.

விஷமில்லாமல் குறைக்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. அவற்றில் முதன்மையானது தண்ணீர். பிள்ளைப்பூச்சியும் சில்வண்டும் வளையில் வாழ்பவை. நீர் நின்றால் வெளியேறியே ஆக வேண்டும். முல்லைப் பெரியாறு பாசனம் பாயும் வயலோரத்தில் புல் போட்டவர்கள், சாயங்காலம் மடையைத் திறந்து பாத்தி நிறைய ஒரு முறை தண்ணீர் கட்டினால் பூச்சிகள் மிதந்து வரப்பேறும். அந்த நேரம் பார்த்துக் கோழியை விடுங்கள். நாட்டுக்கோழி, கினிக்கோழி, வாத்து எதுவானாலும் சரி, ஒன்றுகூட விடாது. கோழி இல்லாத வீட்டில் வாளியில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு கையால் பொறுக்கலாம். பத்து சென்ட் நிலத்துக்கு இது பெரிய வேலை இல்லை.

மானாவாரியில், ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கத்துக் காட்டில், இந்த வசதி கிடையாது. அங்கே கோடை உழவுதான் கை கொடுக்கும். வெட்டுக்கிளியும் சில்வண்டும் முட்டையை மண்ணுக்குள்தான் வைக்கின்றன. கோடை மழை ஈரத்தில் ஒரு உழவு ஓட்டிப் புரட்டிப் போட்டால் முட்டைக்கூடு வெயிலில் காயும், மிச்சத்தை மைனாவும் உண்ணிக்கொக்கும் கொத்திவிடும். வரப்பின் ஓரத்தை மண்வெட்டியால் சீவி விடுவதும் அதே காரணத்துக்காகத்தான். கரிசலில் வெயிலுக்கு வாய் பிளந்த வெடிப்புகளைக் கொத்தி மூடுங்கள், சில்வண்டு பகலில் பதுங்கும் இடம் அதுதான். படப்பின் அடி, அடுக்கிவைத்த கல், அழுகிய புல் குவியல் ஆகியவையும் அப்படித்தான். நிலத்துக்குள் ஆங்காங்கே டி வடிவத்தில் குச்சி நட்டால் கரிச்சான் வந்து உட்காரும். பகல் வெட்டுக்கிளியை அது பார்த்துக்கொள்ளும். விளக்குப்பொறியும் வைக்கலாம். ஆனால் விளக்கின் கீழ் தண்ணீர்த் தட்டு கட்டாயம், இல்லையென்றால் ஊரில் இருக்கும் பூச்சியையும் சேர்த்து உங்கள் புல்லுக்கு அழைத்தது போலாகும்.

இவ்வளவுக்கும் மசியாமல் எண்ணிக்கை ஏறினால் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணம் இருக்கிறது. பூச்சியின் தோல்வழியே உள்ளே வளர்ந்து கொல்லும். 2020-ல் சோமாலியாவில் வெட்டுக்கிளிக் கூட்டத்தை அடக்க ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் இந்த இனத்துப் பூஞ்சாணத்தைத்தான் தெளித்தது. நம்மூரில் மட்கிய தொழுவுரத்தோடு கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது, வெயில் தாழ்ந்த பிறகு போட வேண்டும். வெயிலில் போட்டால் பூஞ்சாணம் செத்துவிடும், காசுதான் வீண். வேலை செய்ய நாளாகும், பொறுமை வேண்டும். எந்த ரகம், எவ்வளவு என்று காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்திலோ உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். ஃபுளோரிடாவிலும் கடைசியில் பிள்ளைப்பூச்சியை அடக்கியது தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவியும் நூற்புழுவும்தான். அரை நூற்றாண்டுக்கு மேல் மருந்து அடித்தும் முடியாதது இயற்கை எதிரியால் முடிந்தது.

இனி இரண்டு ஆபத்துகள், பூச்சியோடு ஒட்டிக்கொண்டு வருபவை.

ஒன்று, சோளம். பூச்சி வெட்டிய தீவனச் சோளம் மழை கண்டதும் மறுதாம்பாகத் துளிர்க்கும். எப்படியும் பயிர் போய்விட்டது, மாடாவது மேயட்டும் என்று அவிழ்த்துவிடத் தோன்றும். அங்கேதான் எமன் நிற்கிறான். இளஞ்சோளத் துளிரில், அதிலும் வறட்சியில் வாடி, பூச்சி கடித்துத் திரும்பத் துளிர்த்ததில், சயனைடு விஷம் உண்டாகும் பொருள் அதிகம். வயிறு நிறைய மேய்ந்த மாடு சில நிமிஷத்தில் மூச்சு வாங்கி, தள்ளாடி, விழுந்துவிடும். பாதிப் பூ பூக்கும் வரை சோளத்தை மாட்டுக்குக் காட்டாதீர்கள். கோ எஃப்.எஸ். 29 போன்ற மறுதாம்பு ரகத்தை 65 நாளில் முதல் அறுப்பு, பிறகு 50 நாளுக்கு ஒரு முறை என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதைப் பின்பற்றுங்கள். அறுத்து வாட வைத்து, வேறு தட்டையோடு கலந்து, முதல் நாள் கொஞ்சமாகப் போடுங்கள். பட்டினி மாட்டைச் சோளக்காட்டில் விடவே கூடாது.

இன்னொன்று, திராட்சைப் பந்தல் புல். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலுக்கு அடியில் பச்சைப்பசேலென்று புல் வளரும். கூலிக்கு வந்தவர்களும் அதை ஆசையாக அறுத்துக்கொண்டு போவார்கள். மேலே கொடிக்கு அடிக்கும் மருந்தெல்லாம் கீழே சொட்டி விழுவது அந்தப் புல்லில்தான். மயில்துத்தக் கலவை அடித்த தோட்டத்துப் புல் செம்மறியாட்டுக்கு மிகவும் ஆபத்து, தாமிரத்தைத் தாங்கும் சக்தி செம்மறிக்கு மிகக் குறைவு. உடனே சாகாது, உடம்பில் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் விழும். தோட்டக்காரர்கள் எந்தத் தேதியில் என்ன அடித்தோம் என்று வாசலில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் எத்தனையோ கால்நடை பிழைக்கும். தயவுசெய்து எழுதி வையுங்கள்.

மாடு மருந்து தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் அடையாளம் இவை: வாயில் எச்சில் கம்பியாக ஒழுகும், கண்ணில் நீர் வழியும், கண்மணி சுருங்கும், சாணம் தண்ணீராகப் போகும், தசை துடிக்கும், நடை தள்ளாடும். மீதித் தீவனத்தை உடனே அப்புறப்படுத்துங்கள். மேலே மருந்து பட்டிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். எண்ணெய், பால், மோர், நாட்டு மருந்து என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். துடிக்கும் மாட்டுக்கு ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும், விஷத்தில் பிழைத்தாலும் அதில் சாகும். டப்பாவை, காலியானதாக இருந்தாலும், பத்திரமாக எடுத்து வையுங்கள். டாக்டர் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான். ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துக்கு அட்ரோபின் ஊசி, சயனைடுக்கு வேறு ஊசி. எது என்று தெரிந்தால்தான் போட முடியும். சோள விஷத்துக்கு நேரம் நிமிஷக் கணக்கில்தான் இருக்கிறது. அந்த மாட்டின் பாலை, டாக்டர் சரி என்று சொல்லும் வரை, பால் பண்ணைக்கும் ஊற்ற வேண்டாம், வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாம்.

கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம். பூச்சி பற்றிக் கேட்க வேண்டுமானால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழிலேயே பேசுவார்கள். தேனியிலேயே 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் இப்போதே தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். வீட்டில் யார் உருண்டை வைத்திருந்தாலும், இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். எடுத்து முடிக்கும் வரை அந்தப் புல்லை அறுக்காதீர்கள், மாட்டை அவிழ்க்காதீர்கள்.